போர்ட் ஒயினுக்கு அலமாரி, பனங்கள்ளுக்கு லாக்கப்பா?

சென்னையில் ஒரு டாஸ்மாக் எலைட் கடைக்குள் எட்டிப் பாருங்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடி அலமாரியில் கப்பலேறி வந்த ஒயின் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். லேபிளில் ஊர்ப் பெயர், வருஷம், தோட்டத்தின் பெயர் எல்லாம் அச்சடித்திருக்கும். வாங்க வந்தவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு பில் போடுவார். அத்தனையும் சட்டப்படி. விற்பதே அரசாங்கம்தானே!

அதே காலையில் ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் ஒருவர் பனையில் ஏறிக்கொண்டிருப்பார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. உச்சியில் உட்கார்ந்து பாளையைச் சீவி, நிறைந்த கலயத்தைக் கழற்றி, காலிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். அந்தக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அவர் பதநீர் இறக்கும் தொழிலாளி. தடவாமல் விட்டிருந்தால் குற்றவாளி.

ஒரு விரல் சுண்ணாம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அதெல்லாம் சரி, ஒயினுக்கும் கள்ளுக்கும் என்ன சம்பந்தம்? அது நாகரிகம், இது கள்ளுக்கடை சமாச்சாரம்" என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு தடவை போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் போய்விட்டு வாருங்கள். (விசா வேண்டாம், கீழே படித்தால் போதும்.) அந்த ஒயினும் ஒரு காலத்தில் கலப்படத்தில் நாறிப்போன சரக்குதான். பிறகு எப்படி அலமாரி ஏறியது என்பதுதான் இங்கே விஷயம்.

கலப்படக்காரனுக்கு எல்லைக்கல்

போர்ச்சுகலின் வடக்கே டௌரோ என்று ஒரு ஆறு. இரண்டு பக்கமும் செங்குத்தான மலைச்சரிவு. மண் என்று சொல்வதே தப்பு, உடைந்த பாறை. அதில் படிப்படியாகக் கல்சுவர் கட்டித்தான் திராட்சை வைத்தார்கள். 1703-ல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் மெதுவன் ஒப்பந்தம் போட்டன. பிரெஞ்சு ஒயினைவிடப் போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் வரி குறைந்தது. கேட்க வேண்டுமா? கிராக்கி எகிறியது.

கிராக்கி எகிறினால் அடுத்து என்ன வரும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு ஊர் மட்ட ஒயினைக் கொண்டுவந்து கலந்தார்கள். சர்க்கரை போட்டார்கள். நிறம் வர எல்டர்பெரி என்ற காட்டுப்பழச் சாற்றை ஊற்றினார்கள். விஷயம் லண்டனில் நாறியதும் விலை விழுந்தது. அடி வாங்கியது யார்? கலந்தவன் அல்ல. கல்சுவர் கட்டித் திராட்சை வளர்த்தவன்.

அப்போது போர்ச்சுகலை நடத்தியவர், பின்னாளில் பொம்பல் பிரபு என்று பட்டம் வாங்கிய அமைச்சர். 1755-ல் நிலநடுக்கமும் கடல்கோளும் லிஸ்பன் நகரத்தைத் தரைமட்டமாக்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1756 செப்டம்பரில் அவர் ஒரு கம்பெனியை அமைத்தார். டௌரோவில் எந்தெந்த நிலத்துத் திராட்சையில் போர்ட் ஒயின் செய்யலாம் என்று எல்லை குறித்தார்கள். எல்லையில் கருங்கல் தூண்களை நட்டார்கள். அதில் பல இன்றைக்கும் நிற்கின்றன. அந்தப் பகுதியில் எல்டர்பெரிச் செடியை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். உலகத்தில் எல்லை வகுத்து, விதி எழுதி, மேற்பார்வை வைத்து நடத்திய முதல் ஒயின் பகுதிகளில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. 2001-ல் யுனெஸ்கோ அந்தப் படிக்கட்டுத் தோட்டங்களை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் இது. கலப்படம் நடந்தது. அவர்கள் கலப்படத்துக்கான செடியைப் பிடுங்கினார்கள். திராட்சைக் கொடியைப் பிடுங்கவில்லை.

பொம்பல் மகாத்மா ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு போர்ட்டோ நகர மதுக்கடைகளில் ஒயின் விற்கும் ஏகபோகத்தைத் தூக்கிக் கொடுத்தார். 1757-ல் ஊர் மக்கள் கலகம் செய்தார்கள். பலரைத் தூக்கில் போட்டு அடக்கினார். அரசாங்க ஏகபோகக் கடைமேல் மக்களுக்கு வரும் கோபம் 270 வருஷப் பழசு என்பதற்கும் இதுவே சாட்சி :)

பொங்குவதை நிறுத்த இரண்டு வழி

இனிக்கும் எந்தச் சாறும் சும்மா விட்டால் பொங்கும். காற்றிலும் பாத்திரத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றும். திராட்சைச் சாறும் அப்படித்தான், பனஞ்சாறும் அப்படித்தான். பனை இன்னும் வேகம். பாளையிலிருந்து சொட்டும்போதே வேலை ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் கள், ஓரிரு நாளில் புளித்த காடி.

போர்ட் ஒயின் செய்கிறவர்கள் திராட்சைச் சாறு பாதி பொங்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே நிற்கும். அதனால்தான் போர்ட் இனிக்கிறது, 20 சதவீதம் போல ஆல்கஹாலும் இருக்கிறது. ராமநாதபுரத்துக்காரர் அதே பொங்கலை நிறுத்தக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார். ஈஸ்ட் முடங்கிவிடும், சாறு பதநீராக இறங்கும். ஆல்கஹால் இல்லை.

பொங்குவதை நிறுத்தச் சாராயம் ஊற்றியவன் சரக்கு எலைட் கடையில். சுண்ணாம்பு தடவியவன் சரக்கு ரோட்டோரப் பந்தலில், கண்டுகொள்ள ஆளில்லாமல். எதையும் ஊற்றாமல் சாற்றைச் சும்மா விட்டவன் கோர்ட்டில். இதுதான் இன்றைய நிலவரம்.

மணல் என்றால் கேவலமா?

"டௌரோ எங்கே, நம்ம வறண்ட ராம்நாடு எங்கே" என்று சலித்துக்கொள்பவர்களுக்காகவே போர்ச்சுகலில் கொலாரெஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. லிஸ்பனுக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் கடலோரம், வெறும் மணல்மேடு. உப்புக்காற்று. அந்த மணலைத் தோண்டி, அடியில் இருக்கும் களிமண்ணில் வேர் பிடிக்கும்படி திராட்சை நட்டார்கள். தோண்டும்போது மணல் சரிந்து மூடினால் மூச்சுவிட இடம் வேண்டும் என்று கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குழிக்குள் இறங்குவார்களாம். காற்றைத் தடுக்க நாணல் தட்டி கட்டினார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை மொத்தமாகத் தின்று தீர்த்தது. கொலாரெஸ் தப்பித்தது. காரணம் அந்த மணல். பூச்சியால் மணலில் வாழ முடியவில்லை. எல்லாரும் கேவலமாகப் பார்த்த மணல்தான் காப்பாற்றியது. 1908-ல் அரசு அந்த ஊருக்கு எல்லை வகுத்தது. 1931-ல் விவசாயிகள் கூட்டுறவு ஒயின் ஆலை தொடங்கினார்கள். பிறகு லிஸ்பன் பெருத்து வீட்டுமனை விழுங்கியதில் தோட்டம் சுருங்கிவிட்டது, மறைக்க வேண்டாம். ஆனால் மிச்சம் இருக்கும் கொஞ்ச நிலமும் மிச்சம் இருப்பதற்குக் காரணம், அந்த மணலின் பெயர் பாட்டிலில் இருப்பதுதான்.

இப்போது நரிப்பையூர், மூக்கையூர், ஏர்வாடி, அப்படியே பாம்பன் தாண்டித் தங்கச்சிமடம் வரைக்கும் கண்ணை ஓட்டுங்கள். அதே மணல், அதே உப்புக்காற்று. தண்ணீர் ஊற்ற ஆளில்லை, உரம் போட ஆளில்லை. பக்கத்தில் வேலிக்கருவை தவிர வேறெதுவும் தலை தூக்காத இடத்தில் பனை நிமிர்ந்து நிற்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த அதே கடற்கரைதான் இது. இந்த மண்ணுக்குப் பொருத்தமான பயிர் எது என்று எந்த விஞ்ஞானியும் வந்து சொல்ல வேண்டாம், மண்ணே சொல்லிவிட்டது.

கடல்தாண்டி மது வருவதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். தமிழகத் தொல்லியல் துறை 1986-லிருந்து பல கட்டமாகத் தோண்டிய ஊர். அங்கே கிடைத்தவற்றில் ரோமானிய நாணயங்களோடு, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளும் உண்டு. யவனர் மதுவைப் பற்றிப் புறநானூறும் பேசுகிறது. அதே புறநானூற்றில் அதியமான் செத்தபோது ஔவையார் அழுது பாடியதில் முதலில் நினைவுக்கு வருவது அவன் பகிர்ந்து கொடுத்த கள்தான். 2000 வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே பந்தியில் இருந்தன. இன்றைக்கு ஒன்று மட்டும் பந்தியில், மற்றது எழுந்து போகச் சொல்லப்பட்டது.

கிண்டியில் ஒரு கூத்து

காமர்ஸ் படிப்பவர்களுக்கு நற்பெயர் என்ற அத்தியாயம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கட்டிடம், மெஷின், சரக்கு எல்லாம் கழித்த பிறகும் ஒரு பெயருக்காக வாங்குகிறவன் கூடுதலாகக் கொடுக்கிறானே, அந்தப் பணம். ஸ்பெயின் காரர்கள் இந்த அத்தியாயத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். 1925-ல் ரியோஹா என்ற பகுதிப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அங்கே ஒரு பாட்டிலில் 'ரிசர்வா' என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருஷமாவது ஓக் பீப்பாயில். 'கிரான் ரிசர்வா' என்றால் 5 வருஷம். எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று கதை விட முடியாது.

இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் வேண்டுமா? ஸ்பெயினின் வடமேற்குக் கடற்கரை, ரியாஸ் பைஷாஸ். மீன்பிடி ஊர்கள், துண்டு துண்டு நிலம். அல்பாரினோ என்ற வெள்ளைத் திராட்சை. 1986-ல் சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மார்த்தின் கோதக்ஸ் என்ற ஆலையைத் தொடங்கின. 1988-ல் பகுதிக்கே அங்கீகாரம் வந்தது. இன்று உலகம் முழுக்கப் போகிறது. பெரிய முதலாளி வந்து காப்பாற்றவில்லை. சின்ன விவசாயிகள் சேர்ந்தார்கள், அரசு பெயரைக் காத்துக் கொடுத்தது. அவ்வளவுதான் ரகசியம்.

இந்தியாவிலும் இதே மாதிரி சட்டம் இருக்கிறது. 1999-ல் போட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம். அதன் பதிவகம் எங்கே இருக்கிறது தெரியுமா? டெல்லியில் அல்ல, நம் சென்னை கிண்டியில்! அந்தப் பதிவேட்டில் 'போர்ட்டோ', 'டௌரோ' இரண்டும் போர்ச்சுகல் பெயரில் பதிவாகியிருக்கின்றன. ஸ்காட்ச் விஸ்கி இருக்கிறது. பிரான்ஸின் ஷாம்பெயின் இருக்கிறது. 2009-ல் கோவாவின் முந்திரிப் பழச் சாராயம் ஃபெனியும் பதிவாகிவிட்டது. அந்த முந்திரியையே பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள்தான். வந்த மரத்துச் சாராயத்தை கோவா அரசு 2016-ல் பாரம்பரிய பானம் என்று அறிவித்துத் தலையில் தூக்கி வைத்தது.

நம்மிடம் சொந்த மரம் இருக்கிறது. மாநில மரமே பனைதான். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் உடன்குடி பனங்கருப்பட்டிக்கும் குறியீடு வாங்கிவிட்டோம். நல்லது. பனங்கள்? உச்சரித்தாலே வழக்கு.

48,344 கோடி மதுவிலக்கு

தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937-ல் பிறந்தது. ராஜாஜி சேலத்தில் தொடங்கி வைத்தார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் தளர்ந்தது, 1974-க்குள் திரும்பவும் மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கடை, சாராயக்கடை திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. பாட்டில் சரக்குக்குத் தடை இல்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது.

2024-25-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். அதற்கு முந்தைய வருஷம் 45,855 கோடி. 4,700-க்கும் மேற்பட்ட கடைகள். இந்தத் துறைக்குப் பெயர் என்ன தெரியுமா? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்கு முன்னால் இருக்கிறது பாருங்கள், அதைத்தான் பாராட்ட வேண்டும்!

மது கூடாது என்பது ஒரு கொள்கை. அதை மதிக்கலாம். அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவே அதைச் சொல்கிறது. ஆனால் ஆலையில் காய்ச்சிய 42.8 சதவீதச் சரக்கு கூடும், மரத்தில் ஊறிய 4, 5 சதவீதக் கள் கூடாது என்பது எந்தக் கொள்கை? அது மதுவிலக்கு அல்ல. போட்டியாளரை விலக்குவது. காமர்ஸ் பாஷையில் அதற்குப் பெயர் ஏகபோகம்.

வெளிநாட்டுச் சரக்குக்கோ கதவு அகலமாகிக்கொண்டே போகிறது. வருஷக்கணக்காக 150 சதவீதம் இருந்த சுங்க வரியை, 2022 டிசம்பரில் அமலான ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் ஒயினுக்குப் படிப்படியாகக் குறைக்க மத்திய அரசு ஒப்புக்கொண்டது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் விஸ்கிக்கு 150-ஐ 75 ஆக்கி, பிறகு 40-க்கு இறக்க ஒப்புக்கொண்டது. ஸ்காட்லாந்து விவசாயிக்கும் ஆஸ்திரேலியத் தோட்டக்காரருக்கும் வாதாட அவரவர் அரசு மேஜையில் உட்கார்ந்திருந்தது. சாயல்குடிக்காரருக்கு யார் உட்கார்ந்தார்கள்?

தனுஷ்கோடி முனையில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்தப் பக்கமும் பனை, அதே தமிழ், அதே கலயம். அங்கே கள் சட்டப்படி இறங்குகிறது, விற்கிறது. இலங்கையில் 1978-லேயே பனை அபிவிருத்திச் சபை என்று ஒன்றை அமைத்தார்கள். மேற்கே மலை தாண்டினால் கேரளம். கள்ளுத் தொழிலாளர்களுக்கு 1969-லேயே நலநிதிச் சட்டம் போட்ட மாநிலம். கிழக்கே போனாலும் தொழில், மேற்கே போனாலும் தொழில், நடுவில் மட்டும் குற்றம்!

சரி, எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?

"கள் போதையே இல்லை, அது உணவு" என்று சில கள் ஆதரவாளர்கள் மேடையில் முழங்குகிறார்கள். இது பொய். பொங்கிய கள்ளில் ஆல்கஹால் இருக்கிறது. அளவு மீறினால் ஈரல் கெடும், வண்டி ஓட்டினால் விபத்து நடக்கும். நல்ல வழக்கைப் பொய் சாட்சி வைத்து நடத்தினால் வழக்கும் தோற்கும். பீருக்குச் சமமான ஒரு மது என்று நேராகச் சொல்லி வாதாடினாலே இந்த வழக்கு ஜெயிக்கும்.

"கள்ளைத் திறந்தால் கலப்படம் வரும்." வரும். இது லேசான எதிர்ப்பு அல்ல. 2025 ஜூலையில் ஹைதராபாத் குகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்து உயிர்கள் போயின. தமிழ்நாட்டிலும் 80-களில் கடைகளை ஏலம் விட்டபோது என்ன நடந்தது? லட்சம் லட்சமாக ஏலம் எடுத்தவன் போட்ட காசை எடுக்க வேண்டும். மரம் கொடுக்கும் அளவுக்குமேல் மரம் கொடுக்காது. அப்புறம் தண்ணீரும் மாத்திரையும்தான் கொடுக்கும். தப்பு மரத்திலா, ஏலத்திலா? அதோடு, தடை போட்டதால் விஷம் ஒழிந்ததா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்கு முந்தைய வருஷம் மரக்காணம். இரண்டும் தடை அமலில் இருந்த மாநிலத்தில் நடந்தவை.

தடையில்லாத கருப்பட்டியைப் பாருங்கள். ஒரு கிலோ நல்ல கருப்பட்டிக்குச் சுமார் 8 லிட்டர் பதநீராவது வேண்டும். விடிலிக்குள் புகையில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் வேலை. கடைத்தெருவில் சீனிக் கருப்பட்டி பாதி விலையில் உட்கார்ந்திருக்கிறது. 1750-களில் டௌரோ விவசாயியை எல்டர்பெரி கொன்ற மாதிரி, இங்கே பனையேறியைச் சீனி கொல்கிறது. ஆக வியாதி கலப்படம். மருந்து பரிசோதனை. தடை அல்ல.

"காந்தியும் பெரியாரும் கள்ளை எதிர்த்தார்களே?" எதிர்த்தார்கள். 1921-ல் பெரியார் சொந்தத் தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்து வந்த கோபம் அது. அந்தக் கோபம் இன்றைக்கும் நியாயம்தான். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீட்டில் போய் பாரம்பரியம், புவிசார் குறியீடு என்று யாரும் பாடம் நடத்த முடியாது. ஆனால் அந்தப் பெரியார் தன் மரத்தை வெட்டினார். இன்றைய அரசு அடுத்தவன் மரத்தை முடக்கிவிட்டுத் தன் கடையைத் திறந்து வைத்திருக்கிறது. பெரியார் பெயரைச் சொல்லி இதை நியாயப்படுத்துவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

"பனையேறியின் பிள்ளையைத் திரும்ப மரத்தில் ஏற்றப் பார்க்கிறீர்களா?" இதுதான் இருப்பதிலேயே கனமான கேள்வி. பனையேறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. தவறினால் முதுகெலும்பு போகும். அந்தத் தொழிலை வைத்தே சாதி சொல்லி இழிவுபடுத்திய ஊர் இது. படித்து வெளியே போன பிள்ளைகளை யாரும் திரும்பக் கூப்பிட வேண்டாம். கேட்பது வேறு. இன்னும் ஏறிக்கொண்டிருப்பவருக்கு, வேறு வழியில்லாமல் ஏறுகிறவருக்கு, அந்த உயிர்ப்பணயத்துக்கு ஏற்ற கூலி கிடைக்கிறதா? டௌரோவிலும் கல்சுவர் கட்டிய கூலிக்காரன் ஏழையாகவே செத்தான், பணம் பார்த்தது ஏற்றுமதி வியாபாரிகள். ஒயின் தானாக யாரையும் வாழவைக்காது. லாபம் யார் கையில் போகிறது என்பதுதான் வாழவைக்கும் அல்லது சாகவைக்கும். அதனால்தான் பொம்பலின் கம்பெனியை அல்ல, கொலாரெஸின் கூட்டுறவைப் பார்க்கச் சொல்வது.

கேட்பது இவ்வளவுதான்

மாநிலம் முழுக்கக் கள்ளுக்கடை திறக்கச் சொல்லவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் மட்டும், பனங்கள்ளுக்கு மட்டும், ஒரு சோதனை.

முதலில் மரத்துக்கு நம்பர் போடுங்கள். டௌரோவில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் உயரம், சரிவு, மண், கொடியின் வயது பார்த்து மார்க் போட்டு, அந்த மார்க்குக்குத் தகுந்த அளவுதான் போர்ட் செய்ய விடுகிறார்கள். இங்கே மரக்கணக்கு இருந்தால் போதும். 20 மரத்துக்காரர் 50 மரத்துக் கள் விற்றால் அன்றைக்கே மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது, லைசென்ஸ் ஏறுகிறவருக்கும் அவர்கள் கூட்டுறவுக்கும் மட்டும். ஏலம் என்ற வார்த்தையே வரக்கூடாது.

மூன்றாவது, அன்றைய கள் அன்றைக்கே, மரம் நிற்கும் ஊரைச் சுற்றியே விற்பனை. ஆல்கஹாலுக்கு உச்சவரம்பு, தினசரிப் பரிசோதனை, 21 வயதுக்குக் கீழே கிடையாது என்ற இப்போதைய விதி அப்படியே.

நான்காவது, கள் வரும் ஊரில் டாஸ்மாக் கடை குறைய வேண்டும். மொத்தக் குடி கூடக்கூடாது. கூடினால் சோதனையை நிறுத்துங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஐந்தாவது, இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் கிண்டிக்கு ஒரு விண்ணப்பம். போர்ட்டோ, டௌரோ உட்கார்ந்திருக்கும் அதே பதிவேட்டில் இந்தக் கடற்கரைப் பனைக்கும் ஒரு வரி.

போர்ச்சுகலில் கார்க் ஓக் மரத்தை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஒயின் பாட்டிலை மூடும் தக்கை அதன் பட்டையிலிருந்துதான் வருகிறது. முதல் பட்டை உரிக்கவே 25 வருஷம் காத்திருக்க வேண்டும், அப்புறம் 9 வருஷத்துக்கு ஒரு தடவை. காத்திருந்தால் காசு வரும் என்று தெரிவதால் விவசாயி காத்திருக்கிறார். நம் அரசும் 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. பனை விதைகளையும் கொடுத்தது. கைதட்டலாம். ஆனால் பனை பலனுக்கு வர 15, 20 வருஷம் ஆகும். வெட்டாதே, வளர்த்து வை, ஆனால் அது தருவதைத் தொடாதே என்றால் எந்த விவசாயி எத்தனை நாளைக்குக் கேட்பார்? செங்கல் சூளைக்காரன் ரொக்கத்தோடு வாசலில் நிற்கிறானே!

மரத்தைக் காப்பாற்றுவது சட்டம் அல்ல. மரத்தால் வாழ்கிறவன் வாழ்ந்தால், அவன் காப்பாற்றுவான். டௌரோவில் 1756-ல் புரிந்துகொண்ட கணக்கு இது.

அடுத்த தடவை எலைட் கடையில் போர்ட் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் கழுத்தில் ஒட்டியிருக்கும் முத்திரையையும் பாருங்கள். ஒரு அரசு தன் மலைச்சரிவுக் குடியானவனின் சரக்குக்கு "இது எங்கள் ஊர், நாங்கள் பொறுப்பு" என்று போட்ட கையெழுத்து அது. சாயல்குடிப் பனையில் ஏறுகிறவர் கேட்பதும் அந்தக் கையெழுத்தைத்தான். இப்போதைக்கு அவருக்குக் கிடைப்பது எஃப்.ஐ.ஆரில் ரைட்டரின் கையெழுத்து.